சீருடற்பயிற்சிப் போட்டிகள் கடந்துவந்த பாதை



வன்னிப் பெருநிலப்பரப்பிலே, புளியங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வழியில் அமைந்துள்ளது நெடுங்கேணி. அப்பகுதியிலுள்ள ஒரு பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒருமுறை நான் சென்றிருந்தேன். காலபோக அறுவடை முடிந்து, வளவுகள்தோறும் வைக்கோற்போர்கள் எழுந்து நின்ற காலம் அது. ஓட்டம், பாய்தல், எறிதல் என்பன ஒருவாறு நிறைவெய்தியபின், இடைவேளையில் உடற்பயிற்சிக் கண்காட்சி தொடங்கியது. மேளத்தின் தாளத்துக்கேற்பச் சிறுவரும் சிறுமியரும் வரிசை வரிசையாக மைதானத்துட் புகுந்தனர். சிலர் கையிலே வண்ணத்தாள் சுற்றிய பிரப்பம் வளையங்கள். சிலர் கையிலே நீண்ட நாடா கட்டிய தடிகள். ஒருங்கே குனிந்து, ஒருங்கே நிமிர்ந்து, வட்டமாகவும் பூவாகவும் அவர்கள் விரிந்து நின்ற காட்சி கண்ணுக்கு விருந்தாயிருந்தது. ஈற்றில் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் தோள்மேல் ஒருவராக ஏறி மனிதக் கோபுரம் அமைத்தனர். உச்சியில் நின்ற சிறுவன் கொடியை விரித்துக் காட்டியபொழுது எழுந்த கரகோஷம் நெடுநேரம் ஓயவில்லை.

கூட்டம் கலையும் வேளையிலே, பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க மாணவி ஒருத்தி, கையில் வளையத்தோடு என்னிடம் வந்தாள். “ஐயா, தொலைக்காட்சியிலே ஜிம்னாஸ்டிக் என்று காட்டுகிறார்களே, அதுவும் நாங்கள் இன்று செய்ததும் ஒன்றுதானா?” என்று வினவினாள். நான் விடை கூறுமுன்னரே, அவளுக்குப் பின்னால் நின்ற பையன் ஒருவன், “அது வேறை, இதுதான் அது!” என்று சொல்லிக்கொண்டே, இறுகிய தரையிலே சிறிது தூரம் ஓடி, அந்தரத்திற் கரணமடித்துக் காட்டினான். நல்வேளையாகக் காலூன்றி நின்றான். கைத்தொலைபேசியிற் பார்த்துத் தானாகவே பழகியதாம். தலை கீழாக வீழ்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணியபோது என் நெஞ்சு நடுங்கிற்று.

அச்சிறுமியின் வினாவுக்கும், அச்சிறுவனின் துணிவுக்கும் உரிய விடையை அன்று அந்த அவசரத்தில் என்னாற் கூற இயலவில்லை. அவ்விடை, சீருடற்பயிற்சி என்று நாம் தமிழில் வழங்கும் ஜிம்னாஸ்டிக் கலையின் வரலாற்றிலேயே இருக்கின்றது. ஆதலின் அவ்வரலாற்றை இன்று சுருக்கமாகக் கூற முற்படுகின்றேன்.

பண்டைக் கிரேக்கர் உடலை ஓம்பும் பயிற்சிகள் அனைத்தையும் ஒரே பெயரால் வழங்கினர். அப்பெயரிலிருந்தே ஜிம்னாஸ்டிக் என்னும் சொல் பிறந்தது. ஆயினும் இன்று நாம் காணும் சீருடற்பயிற்சி இருநூறு ஆண்டு வயதுடையதே. 1806ஆம் ஆண்டிலே நெப்போலியனின் படைகள் பிரஷிய நாட்டை முறியடித்தன. தோல்வியாற் குன்றிய தம் நாட்டு இளைஞரின் உடலையும் உள்ளத்தையும் உரமாக்கவேண்டும் என எண்ணிய பிரெட்றிக் லூட்விக் யான் என்னும் ஆசிரியர், 1811ஆம் ஆண்டிலே பேர்லின் நகரின் புறத்தேயுள்ள ஹாசன்ஹைட என்னுமிடத்தில் ஒரு திறந்தவெளிப் பயிற்சிக் களத்தை அமைத்தார். மாடமாளிகை எதுவும் அங்கில்லை. மரங்களும், நாட்டிய கம்பங்களும், தொங்கவிட்ட கயிறுகளுமே இருந்தன. சமாந்தரச் சட்டங்கள், கிடைச்சட்டம் முதலிய கருவிகள் அவரது இயக்கத்தினாலேயே உலகிற் பரவின. அரசியற் கிளர்ச்சிக்கு அஞ்சிய ஆட்சியாளர் 1819இல் அவரைச் சிறையிலிட்டனர், களங்களும் மூடப்பட்டன. 1842 வரை அத்தடை நீடித்தது.

அதே காலத்திலே சுவீடன் நாட்டிற் பேர் ஹென்றிக் லிங் என்பார் மற்றொரு வழியைக் கண்டார். கருவிகளை மிகுதியாக நாடாது, கூட்டமாக நின்று, கட்டளைக்கேற்பக் கைகால்களை அசைக்கும் முறை அவருடையது. 1813ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரில் அதற்கென ஒரு நிறுவனமும் தோன்றியது. பின்னாளில் இம்முறை பிரித்தானியப் பாடசாலைகளிற் பரவிற்று. நம் நாட்டுப் பாடசாலைகளில் ‘டிறில்’ என்று வழங்கிவந்த பயிற்சியும் அதன் வழிவந்ததே. நெடுங்கேணி மைதானத்திலே அன்று நான் கண்ட கண்காட்சிக்கு அது பாட்டன் முறையாகும்.

ஐரோப்பாவில் இவை நிகழ்ந்துகொண்டிருந்த அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, இந்தியாவின் மராட்டிய நாட்டிற் பாலம்பட்டதாதா தேவதர் என்னும் மல்யுத்த ஆசான், வழக்கொழிந்துவந்த மல்லர் கம்பப் பயிற்சிக்குப் புத்துயிர் அளித்தார். நிலத்தில் நாட்டிய வழுவழுப்பான கம்பத்தில் ஏறி, கைகளை விட்டுக் கால்களாற் பற்றியும், தலைகீழாகத் தொங்கியும் நிகழ்த்தும் பயிற்சி அது. கழைக்கூத்தரை அறிந்த தமிழருக்கும், சித்திரைப் புத்தாண்டிலே வழுக்குமரம் ஏறும் வன்னி இளைஞருக்கும் இது முற்றிலும் அந்நியமானதன்று. ஆகவே சீருடற்பயிற்சி என்பது மேனாட்டார் நமக்குக் கொணர்ந்து தந்த புதுமை என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. மேனாட்டார் கொணர்ந்தது அதனைப் போட்டியாக அமைத்து அளவிடும் முறையையே.

அம்முறை எவ்வாறு தோன்றியது? 1881ஆம் ஆண்டு யூலை மாதம் 23ஆம் நாள், பெல்ஜியம் நாட்டின் லியேஜ் நகரிலே, பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய மூன்று நாட்டுச் சங்கங்கள் கூடி ஓர் ஐரோப்பியச் சம்மேளனத்தை நிறுவின. இன்றைய சர்வதேசச் சீருடற்பயிற்சிச் சம்மேளனத்தின் தோற்றுவாய் அதுவே. அதன் முதல் தலைவரான நிக்கலாஸ் குப்பெருஸ் என்பார் 1924 வரை அப்பதவியை வகித்தார். வியப்புக்குரிய செய்தி யாதெனில், உலகின் சீருடற்பயிற்சிக்குத் தலைவராயிருந்த அப்பெரியார் போட்டிகளை விரும்பவில்லை என்பதே. மக்கள் பல்லாயிரவர் ஒன்றுகூடிப் பயிற்சி செய்து மகிழும் பெருவிழாக்களே அவர் உள்ளத்துக்கு உகந்தவை. ஒருவரை ஒருவர் வெல்ல முயன்றால் கலையின் நோக்கம் குறுகிவிடும் என்பது அவர் கருத்து. ஆயின் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சார்ல் கசலே முதலியோர் போட்டி வேண்டுமென நின்றனர். அவர்களின் கருத்தே வென்றது. 1903ஆம் ஆண்டு அன்ட்வேர்ப் நகரில் முதற் சர்வதேசப் போட்டி நடைபெற்றது. பெல்ஜியம், பிரான்ஸ், லக்சம்பேர்க், நெதர்லாந்து என நான்கு நாடுகளே அதிற் பங்குபற்றின. அதனையே பிற்காலத்தார் முதலாவது உலக வல்லவர் போட்டி எனக் கணக்கிட்டனர். காட்சி, போட்டி என்னும் இவ்விரு நோக்கங்களையும் நேயர்கள் நினைவில் இருத்துதல் வேண்டும். இவற்றின் பிணக்கும் இணக்குமே பின்வந்த வரலாறு முழுவதும்.

இதற்கு முன்னரே, 1896இல் ஏதென்ஸ் நகரில் நிகழ்ந்த முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவிலே சீருடற்பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அங்கு நடந்த எட்டுப் போட்டிகளில் ஜேர்மனியரே மேலோங்கி நின்றனர். அவர்களுள் அல்பிரெட் பிளாத்தோ என்பவரும், அவருடைய உறவினரான குஸ்தாவ் பெலிக்ஸ் பிளாத்தோ என்பவரும் யூதர். நாட்டுக்கு முதலிடம் தேடித்தந்த அவ்விருவரும், ஹிட்லரின் ஆட்சியிலே தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைக்கப்பட்டு, ஒருவர் 1942இலும், மற்றவர் 1945இலும் உயிர்நீத்தனர். பதக்கம் எவரையும் காப்பாற்றுவதில்லை.

1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென் லூயி நகர ஒலிம்பிக்கிலே மற்றொரு செய்தியுண்டு. ஜோர்ஜ் ஐசர் என்னும் வீரர், இடதுகால் மரக்காலாக இருந்தும், மூன்று தங்கப் பதக்கங்கள் உட்பட ஆறு பதக்கங்களை ஒருநாளிலே பெற்றார். அவற்றுள் ஒன்று கயிறேறுதலுக்கும், இன்னொன்று சமாந்தரச் சட்டங்களுக்கும் கிடைத்தவை. போரிலே அவயவம் இழந்தோர் பலர் வாழும் வன்னி மண்ணில் இச்செய்தியை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று.

அக்காலப் போட்டிகள் இன்றையவற்றைப் போன்றனவல்ல. கோலூன்றிப் பாய்தல், குண்டு எறிதல், ஓட்டம் என்பனவும் சீருடற்பயிற்சி வீரருக்கு உரியனவாகவே கொள்ளப்பட்டன. 1930இல் லக்சம்பேர்க்கில் நடைபெற்ற உலகப் போட்டியிலும் அவை இருந்தன. அப்போட்டியிலேதான் யூகோஸ்லாவிய வீரரான அன்ரன் மாலே என்பவர் வளையங்களிலிருந்து வீழ்ந்து காயமுற்று மாண்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓட்டமும் எறிதலும் கழிந்தன. ஆடவருக்குத் தரைப்பயிற்சி, கைப்பிடிகள் பொருத்திய மரக்குதிரை, வளையங்கள், பாய்ச்சல், சமாந்தரச் சட்டங்கள், கிடைச்சட்டம் என ஆறும், பெண்டிருக்குப் பாய்ச்சல், உயரத்தில் வேறுபட்ட இரு சட்டங்கள், சமநிலைச் சட்டம், தரைப்பயிற்சி என நான்கும் நிலைபெற்றன. இப்பிரிவே கலைச் சீருடற்பயிற்சி எனப்படுகின்றது.

பெண்களுக்கு இக்கதவு மெல்ல மெல்லவே திறந்தது. 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் அணிப்போட்டி நடைபெற்றது. அதில் இரண்டாமிடம் பெற்ற இத்தாலிய அணியிலிருந்த லூயிஜினா ஜவோத்தி என்னும் சிறுமிக்கு வயது பதினொன்றே. உலக வல்லவர் போட்டியிற் பெண்கள் 1934இல் புடாபெஸ்ட் நகரில் முதன்முதலாகப் பங்குபற்றினர். 1952இல் ஹெல்சிங்கியில் சோவியத் நாடு ஒலிம்பிக்கிற் புகுந்தபின் கலையின் தரம் திடீரென உயர்ந்தது. அந்நாட்டின் லரிசா லற்றினினா 1956 முதல் 1964 வரை மூன்று ஒலிம்பிக் விழாக்களிற் பதினெட்டுப் பதக்கங்களை ஈட்டினார். ஆடவருள் ஜப்பானியர் 1960 முதல் 1976 வரை ஐந்து ஒலிம்பிக் விழாக்களிலும் அணிப்போட்டியில் முதலிடம் பெற்றனர்.

இனி, இக்கலையின் மிகச் சிக்கலான பகுதிக்கு வருகின்றேன். ஓட்டத்திலே முந்தி வந்தவர் வென்றவர். மணிக்கூடு சான்று பகரும். பாய்தலிலே நாடா அளவு சொல்லும். சீருடற்பயிற்சியிலோ மணிக்கூடும் இல்லை, நாடாவும் இல்லை. மத்தியஸ்தரின் கண்ணே அளவுகோல். அக்கண்ணை நெறிப்படுத்தும் பொருட்டு 1949ஆம் ஆண்டிலே புள்ளி வழங்கும் விதிநூல் முதன்முறையாக வகுக்கப்பட்டது. பத்து என்பது குறைவற்ற நிறைவைக் குறித்தது. 1976இல் மொன்றியல் ஒலிம்பிக்கிலே ருமேனியாவைச் சேர்ந்த நாதியா கொமனெச்சி என்னும் பதினான்கு வயதுச் சிறுமி சட்டங்களில் நிகழ்த்திய பயிற்சிக்கு அந்தப் பத்து வழங்கப்பட்டது. ஒலிம்பிக் சீருடற்பயிற்சியில் அத்தகைய புள்ளி வழங்கப்பட்டது அதுவே முதன்முறை. பத்து என்று காட்டும் வசதி அப்புள்ளிப் பலகையில் இல்லாமையால், அது 1.00 என்று காட்டிற்று. மக்கள் சற்று மயங்கிப் பின் உண்மை உணர்ந்து ஆர்ப்பரித்தனர். அவ்விழாவில் அவர் ஏழுமுறை பத்துப் பெற்றார்.

ஆயின் நிறைவுக்கு மேல் நிறைவு உண்டோ? இருவர் பத்துப் பெற்றால், அவருள் கடினமானதைச் செய்தவர் யார் என்பதை அப்புள்ளி காட்டாது. இக்குறை 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலே பெரும் வழக்காக வெடித்தது. தென்கொரிய வீரரான யாங் தே யொங் செய்த சமாந்தரச் சட்டப் பயிற்சிக்கு, பத்திலிருந்து கணிக்கவேண்டிய மத்தியஸ்தர் 9.9இலிருந்து கணித்துவிட்டனர். அந்தப் பத்தில் ஒரு பங்கு சேர்ந்திருந்தால் அவருக்குத் தங்கப் பதக்கம் கிட்டியிருக்கும். பதக்கம் அமெரிக்கரான போல் ஹாமிடமே நிலைத்தது. மத்தியஸ்தர் மூவர் இடைநிறுத்தப்பட்டனர். அதன் விளைவாக 2006இற் புதிய விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி இரு கணக்குகள் உண்டு. செய்த வித்தைகளின் கடினத்தைக் கூட்டி வருவது ஒன்று. அதற்கு மேலெல்லை இல்லை. பத்திலிருந்து பிழைகளைக் கழித்து வருவது மற்றையது. இரண்டையும் கூட்டினால் முடிவான புள்ளி. பதினைந்து, பதினாறு என்று இன்று நாம் கேள்விப்படும் புள்ளிகள் இவ்வாறு எழுந்தவையே.

கருவியின் அளவு தவறினாலும் கேடு நேரும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலே, பெண்கள் போட்டியின் நடுவில், பாய்ச்சற் கருவி ஐந்து சென்ரிமீற்றர் தாழ்வாகப் பொருத்தப்பட்டிருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் வீராங்கனைகள் பலர் இடறி வீழ்ந்துவிட்டனர். உலகத்தின் தலைசிறந்த அரங்கிலே, விரற்கடை இரண்டு மூன்று தவறியதால் இந்நிலை நேர்ந்ததாயின், அளவும் மெத்தையும் காவலரும் இல்லாத வெறுந்தரையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

கடினத்துக்கு எல்லையில்லை என்று கண்டோம். மனித உடலுக்கு எல்லை உண்டு. 1978இல் உலக வல்லமை பெற்ற சோவியத் வீராங்கனை எலேனா முகினா, 1980இல், ஒலிம்பிக் விழாவுக்குச் சில வாரங்களே இருந்த வேளையில், மிகக் கடினமான ஒரு கரணத்தைப் பழகும்போது கழுத்து முறிந்து, கைகால்கள் செயலிழந்தார். அவருக்கு அப்போது வயது இருபது. காலில் ஏற்பட்ட முறிவு ஆறுமுன் பயிற்சிக்கு இறங்கவேண்டியவராயிருந்தார். எஞ்சிய இருபத்தாறு ஆண்டுகளும் அந்நிலையிலேயே வாழ்ந்து 2006இல் மறைந்தார். அந்தக் கரணம் பின்னர் பெண்களுக்கு விலக்கப்பட்டது.

சிறு உடல் எளிதிற் சுழலும் என்பதனாற் சிறுமியரையே களத்தில் இறக்கும் வழக்கம் வளர்ந்தது. அதனைத் தடுக்கும் பொருட்டு, பெண்களுக்குக் குறைந்த வயது 1981இற் பதினைந்தாகவும், 1997இற் பதினாறாகவும் உயர்த்தப்பட்டது. அவ்விதியை மீறிய நாடுகளும் உண்டு. 2000ஆம் ஆண்டிற் சீன அணி பெற்ற வெண்கலப் பதக்கம், ஒரு வீராங்கனையின் வயது பொய்யாகக் காட்டப்பட்டமை தெரியவந்ததும், 2010இற் பறிக்கப்பட்டது. இதனினும் கொடியதொன்று அமெரிக்காவிலே வெளிப்பட்டது. தேசிய அணியின் வைத்தியராயிருந்த ஒருவன், பல ஆண்டுகளாகச் சிறுமியருக்குப் பாலியற் கொடுமை இழைத்துவந்தமை 2016இல் அம்பலமாயிற்று. 2018இல் அவனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் வாக்குமூலம் அளித்தனர். பதக்கத்தின் பளபளப்பிலே குழந்தையின் குரலைக் கேளாதுவிட்ட பெரியோரின் குற்றத்தை அவ்வாக்குமூலங்கள் உலகறியச் செய்தன.

இதன்பின் மாற்றம் தோன்றியது. 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிலே, உலகின் தலைசிறந்த வீராங்கனையான சிமோன் பைல்ஸ், அந்தரத்திற் சுழலும்போது தன் உடல் எத்திசையில் உள்ளது என்பதை உணரமுடியவில்லை எனக் கூறி, பெரும்பாலான போட்டிகளிலிருந்து விலகினார். முகினா விலக இயலாதவராயிருந்தார், பைல்ஸ் விலகினார், 2024இல் பாரிஸ் நகரில் மீண்டும் வந்து மூன்று தங்கப் பதக்கங்களைப் பெற்றார். உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்த ஒக்சானா சுசொவிற்றினா, 1992 முதல் எட்டு ஒலிம்பிக் விழாக்களிற் பங்குபற்றி, நாற்பத்தாறாம் வயதிலே தோக்கியோவிலும் பாய்ந்தார். இக்கலை சிறுமியருக்கே உரியது என்ற எண்ணம் அவராற் பொய்த்தது.

நேயர்களே, இதுவரை கூறியது கலைச் சீருடற்பயிற்சி என்னும் ஒரு கிளையின் வரலாறு. அம்மரத்துக்கு வேறு கிளைகளும் உண்டு. நெடுங்கேணிச் சிறுமியின் கையிலிருந்த வளையம் அவற்றுள் ஒன்றையே சுட்டுகின்றது. கயிறு, வளையம், பந்து, கதை போன்ற தண்டுகள், நாடா ஆகியவற்றை ஏந்தி, இசைக்கேற்பப் பெண்கள் நிகழ்த்துவது இசைச் சீருடற்பயிற்சி. அதன் முதலாவது உலக வல்லவர் போட்டி 1963இற் புடாபெஸ்ட் நகரில் நடைபெற்றது. 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அது தனிநபர் போட்டியாகவும், 1996இற் குழுப்போட்டியாகவும் இடம்பெற்றது.

மாணவர் அமைத்த மனிதக் கோபுரத்துக்கும் உறவுண்டு. இருவர், மூவர், நால்வர் சேர்ந்து, ஒருவரை ஒருவர் தாங்கியும் உயரத் தூக்கி எறிந்தும் நிகழ்த்துவது அக்ரோபாற்றிக் என்னும் கூட்டுச் சீருடற்பயிற்சி. 1974இல் மொஸ்கோவில் அதன் முதலாவது உலகப் போட்டி நடந்தது. ஒலிம்பிக்கில் அதற்கு இன்னும் இடமில்லை. துள்ளுவலையின் கதை வேறு. 1936இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலே, வட்டரங்குக் கலைஞர் காப்புவலையில் வீழ்ந்து துள்ளுவதைக் கண்டிருந்த ஜோர்ஜ் நிசன் என்பார், லரி கிரிஸ்வோல்ட் என்பவரோடு சேர்ந்து அக்கருவியை உருவாக்கினார். 1964இல் இலண்டனில் முதலாவது உலகப் போட்டியும், 2000இற் சிட்னியில் முதலாவது ஒலிம்பிக் போட்டியும் நடைபெற்றன. துரித இசைக்கேற்ப இடையறாது இயங்கும் ஏரோபிக் பிரிவின் உலகப் போட்டி 1995இற் பாரிசிலே தொடங்கியது. மதில்களையும் தடைகளையும் தாண்டிச் செல்லும் பார்க்கூர் என்பதும் சம்மேளனத்தின் கீழ் வந்து, 2022இல் தோக்கியோவில் அதன் முதல் உலகப் போட்டி நிகழ்ந்தது.

போட்டிகள் இவ்வாறு பெருகினவே, குப்பெருஸ் என்னும் அம்முதல் தலைவரின் கனவு என்னவாயிற்று? அது மடியவில்லை. 1953ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ரொற்றடாம் நகரிலே, உலக ஜிம்னஸ்திராதா என்னும் பெருவிழா முதன்முறையாக நடைபெற்றது. நான்கு ஆண்டுகளுக்கொருமுறை நடைபெறும் அவ்விழாவிலே புள்ளியில்லை, பதக்கமில்லை, வென்றவர் தோற்றவர் என்ற பிரிவுமில்லை. சிறுவரும் முதியோரும் அங்கவீனரும் கூட்டம் கூட்டமாக வந்து தத்தம் பயிற்சிகளைக் காட்டிச் செல்கின்றனர். பாடசாலைப் பிள்ளைகளின் கண்காட்சி எதுவோ, அதுவே உலக அளவில் விரிந்து நிற்கின்றது.

நம் நாடுகளின் நிலையையும் கூறவேண்டும். ஆசிய விளையாட்டு விழாவிற் சீருடற்பயிற்சி 1974இல் தெகிரானிலும், பொதுநலவாய விளையாட்டு விழாவில் 1978இல் எட்மன்ரனிலும் முதலிற் சேர்க்கப்பட்டது. இந்திய ஆடவர் 1952இலேயே ஒலிம்பிக்கிற் பங்குபற்றினர். 1964க்குப் பின் நெடுங்காலம் எவரும் செல்லவில்லை. 2016இல் ரியோ நகருக்குச் சென்ற திரிபுரா மாநிலத்துத் தீபா கர்மாக்கரே ஒலிம்பிக்கில் நின்ற முதல் இந்தியச் சீருடற்பயிற்சி வீராங்கனை. தட்டைப் பாதங்களோடு பிறந்தவர் அவர். தொடக்கத்திலே பழைய ஸ்கூட்டர் பாகங்களைக்கொண்டு அமைத்த கருவியிற் பழகினார் என்பர். ரியோவின் பாய்ச்சல் இறுதிப்போட்டியில் 15.066 புள்ளிகள் பெற்று, வெண்கலப் பதக்கத்தை 0.150 புள்ளியால் இழந்து நான்காமிடம் பெற்றார். பின்னர் 2024இல் ஆசிய வல்லவர் போட்டியிலே தங்கப் பதக்கம் வென்றார். எங்கள் இலங்கையிலிருந்து ஒலிம்பிக் அரங்கில் நின்ற முதலாவது சீருடற்பயிற்சி வீராங்கனை மில்கா கெஹானி. 2021இற் பதினெட்டு வயதிலே தோக்கியோவில் நாட்டின் கொடியை ஏந்திச் சென்ற இருவருள் அவரும் ஒருவர். மல்லர் கம்பமும் வளர்ந்துள்ளது. 1936இற் பேர்லின் ஒலிம்பிக் காலத்தில் அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் அதனைக் காட்சியாக நிகழ்த்தினர். 2019இல் மும்பையில் அதற்கு உலகப் போட்டியே நடைபெற்றது. தமிழ்நாட்டின் விழுப்புரம் இக்கலைக்குப் பேர்பெற்ற இடமாக விளங்குகின்றது.

மீண்டும் நெடுங்கேணி மைதானத்துக்கு வருகின்றேன். “நாங்கள் செய்ததும் அதுவும் ஒன்றுதானா?” என்று கேட்ட சிறுமிக்கு என் விடை, “ஆம் மகளே, ஒன்றுதான்” என்பதே. நீ ஏந்திய வளையமும், உன் தோழர் அமைத்த கோபுரமும், நீங்கள் ஒருங்கே நிமிர்ந்த அந்த ஒழுங்கும் அம்மரத்தின் வேர்களாகும். போட்டி என்பது அதிற் பின்னாளில் ஓங்கிய கிளை. வேர் உன்னிடம் உள்ளது. அதனை அற்பமென எண்ணாதே.

அந்தரத்திற் கரணமடித்த சிறுவனுக்கு என் விடை வேறு. தம்பி, உன் துணிவை மெச்சுகின்றேன். ஆனால் நீ முதற்படியை விட்டுக் கடைசிப்படியில் ஏறி நிற்கின்றாய். தொலைபேசியில் நீ காணும் அந்த ஒருகணக் கரணத்துக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான பயிற்சியும், தடித்த மெத்தையும், கைகொடுத்துத் தாங்கும் ஆசிரியரும் இருக்கின்றனர். பயிற்றப்பட்ட ஆசிரியரும் தக்க மெத்தையும் இல்லாவிடத்து அந்தரக் கரணத்தை எவரும் முயலலாகாது. கழுத்து ஒருமுறை முறிந்தால் மீளாது. அதற்குமுன் நீ பழகவேண்டியவை பல. மெத்தையிலே முன்னும் பின்னும் உருளுதல், ஒருவர் காலைப் பிடித்துத் துணைநிற்கக் கைகளில் நிற்றல், வண்டிச்சில்லுப்போற் பக்கவாட்டிற் சுழலுதல், கயிறேறுதல், தரையிற் கிடத்திய மரக்குற்றியின்மேல் விழாது நடத்தல், உயரத்திலிருந்து குதித்து முழங்கால் மடித்து ஓசையின்றி ஊன்றுதல் ஆகியவையே இக்கலையின் அரிச்சுவடி.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. மனிதக் கோபுரம் அமைப்பீராயின் அதன் உயரத்தை நாடாது ஒழுங்கை நாடுங்கள். உச்சிக்கு ஏறும் பிள்ளையைச் சூழப் பெரியவர் நிற்கட்டும். மெலிவே அழகு என்று சொல்லிப் பிள்ளையின் உணவைக் குறைக்காதீர்கள். “நோகிறது” என்று பிள்ளை சொன்னால், “பயமாயிருக்கிறது” என்று பிள்ளை சொன்னால், அதனைச் செவிமடுங்கள். உலகம் இதனைக் கற்றுக்கொள்ள நூறு ஆண்டுகள் சென்றன. கொடுத்த விலையும் பெரிது.

யான் என்னும் ஆசிரியர் மரங்களுக்கிடையே கயிறு கட்டித் தொடங்கினார். வன்னியிலே மரத்துக்கும் மைதானத்துக்கும் பஞ்சமில்லை. பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும், நல்ல மெத்தைகள் சிலவும் ஒவ்வொரு கோட்டத்துக்கும் கிடைப்பின், நெடுங்கேணிப் பிள்ளைகள் தம் கண்காட்சியிலிருந்து போட்டிக்கும், விரும்பின் போட்டியிலிருந்து மீண்டும் கண்காட்சிக்கும் அச்சமின்றிச் சென்றுவரலாம். அந்தச் சிறுமி அவ்வளையத்தை இன்னும் பத்திரமாக வைத்திருப்பாள் என்றே நம்புகின்றேன்.